நாற்பத்தொன்றாம் இலக்கக் கார்ட்

வைகாசி 11, திங்கள்

சட்ட உதவி நிலையத்துப் பிள்ளை ஆரணி சொல்லித்தான் இதைத் தொடங்குகிறேன். "அன்ரி, விசாரணைக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு. ஞாபகம் வாறதெல்லாம் திகதி போட்டு எழுதி வையுங்கோ. ஃபோனிலை கேக்கேக்கை தடுமாறக் கூடாது" என்றாள். கனடாவில் பிறந்த பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. அதனால் இதை அவள் வாசிக்கப் போவதில்லை. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

என் பெயர் பரிமளகாந்தி. வயது ஐம்பத்தாறு. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் தனியாக இருக்கிறேன். பதினொரு வருடம் ஒரு பேஸ்ட்ரி ஃபக்டரியில் பெட்டி அடுக்கினேன். மாசி மாதம் நிப்பாட்டிவிட்டார்கள். இன்னொருவரின் கார்ட்டை நான் அடித்தேனாம். ஒழுங்கு மீறி வேலை போனவர்களுக்கு வேலையில்லாக் காசு கிடையாது என்று கடிதம் வந்தது. திரும்பப் பாருங்கள் என்று எழுதினோம், திரும்பவும் இல்லை என்றார்கள். இப்போது மேன்முறையீடு. ஆனி 9, காலை பத்து மணி, தொலைபேசியில்.

வென்றால் பிந்திய காசும் சேர்ந்து வரும், இந்த அறையில் தொடர்ந்து இருக்கலாம். தோற்றால் ஆனி முடிய எட்மன்டனில் மகன் வீடு. மருமகள் நல்ல பிள்ளை. தூரத்தில் இருக்கும்வரைக்கும் மிகவும் நல்ல பிள்ளை.

வைகாசி 12, செவ்வாய்

நாலரைக்கே முழிப்பு. வேலை இல்லை என்று இந்த உடம்புக்கு யார் சொல்வது?

வைகாசி 14, வியாழன்

மரக்கறி வாங்கப் போனேன். பஸ்ஸில் ஏறி அட்டையைத் தட்டினேன். பிறகு இன்னொரு தரமும் தட்டினேன். முதலே தட்டியாயிற்று என்று சாரதி ஆங்கிலத்தில் சொன்னார். பின்னால் நின்ற சனம் என்னைப் பார்த்தது. இந்த மாதம் இது மூன்றாவது தரம். வயது போகிறது, வேறொன்றுமில்லை.

ஆரணி கேட்டபடி கார்ட் விஷயத்தை எழுதுகிறேன். ஃபக்டரி வாசலில் ஒரு பழைய மணிக்கூட்டு மெஷின் இருக்கும். அதற்குப் பக்கத்தில் எல்லாருடைய கார்ட்டும் வரிசையாகச் செருகியிருக்கும். என்னுடையது நாற்பது, லோஜினியுடையது நாற்பத்தொன்று. ஏழு மணிக்கு முன் கார்ட்டை மெஷினுக்குள் விட்டு நேரம் அடிக்க வேண்டும். மூன்று தரம் பிந்தினால் எச்சரிக்கைக் கடிதம். நாலாம் தரம் வீட்டுக்குப் போகலாம்.

லோஜினிக்கு ஆறு வயதில் ஒரு பெட்டை. பிள்ளையை விடுகிற இடம் திறப்பதே ஆறே முக்காலுக்கு. அவள் என்ன பறந்து வந்தாலும் ஏழு பத்தாகிவிடும். ஆகவே என்னுடையதை அடித்துவிட்டு அவளுடையதையும் நானே அடிப்பேன். டக், டக். எனக்கு வலது தோளில் நோ, மேல் தட்டுப் பெட்டி தூக்க ஏலாது. அதை அவள் தூக்குவாள். மூன்று வருடமாக இதுதான் எங்கள் ஒப்பந்தம். எங்களை மட்டும் பிடித்துக் குற்றம் சொல்லக் கூடாது. லைனில் நின்ற பாதிச் சனம் ஆளுக்கு ஆள் அடித்துக்கொடுத்தது. சூப்பர்வைசர் நேசராசாவுக்கும் தெரியும். கண்டும் காணாத மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போவார்.

வைகாசி 16, சனி

சனிக்கிழமை என்றால் குகதாசன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். மீன் குழம்பு, கீரை, பருப்பு, கிழங்குப் பிரட்டல், சோறு. ஐந்து ஏனம், ஐந்து மூடி. இரண்டு பஸ் மாற வேண்டும்.

குகதாசன் லோஜினியின் புருஷன். லோஜினி தை 23ஆம் திகதி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். முப்பத்தெட்டு வயது. தை 21, புதன்கிழமை, நல்ல பனி. பஸ்ஸால் இறங்கி, பிந்திவிட்டதென்று ஃபக்டரிக்குப் பின்பக்கக் குறுக்குவழியால் ஓடி வந்திருக்கிறாள். வேலிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள். தலைக்குள் நரம்பு வெடித்ததாம். பதினொன்று இருபதுக்கு ஒரு லொறி டிரைவர்தான் கண்டது. நாலு மணித்தியாலம் பனிக்குள் கிடந்திருக்கிறாள்.

குகதாசன் இரவில் டாக்ஸி ஓடுகிறவர். அன்று விடிய வீட்டுக்கு வந்தால் சிங்குக்குள் அவள் சத்தியெடுத்த அடையாளம், மேசையில் தலையிடிக் குளிசை. லோஜினியின் ஃபோனுக்கு எடுத்திருக்கிறார், பதில் இல்லை. பிறகு ஃபக்டரிக்கு எடுத்துக் கேட்டிருக்கிறார்.

இன்றைக்கும் அதே கதைதான். "அந்த நேசராசா, கார்டைப் பாத்துப்போட்டு, ஓம் உள்ளை நிக்கிறா எண்டு சொன்னவன் அக்கா. பத்தடி எழும்பி நடந்து ஆளைப் பாத்தவனே? பாத்திருந்தால் நான் அப்பவே தேடி ஓடி வந்திருப்பன்."

நான் குழம்பைச் சூடாக்கினேன்.

"நீங்கள் அவளுக்கு உதவி செய்யப் போய் வேலையை இழந்து நிக்கிறியள். உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. கடவுளறிய இல்லை" என்றார்.

பெட்டை வந்து மீனில் முள் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு முள் தவறிவிட்டது. நல்ல காலம், அது துப்பிவிட்டது.

வைகாசி 20, புதன்

ஆரணி தான் எழுதியதை வாசித்துக் காட்டினாள். எல்லாரும் செய்கிற வழக்கம், மேற்பார்வையாளர் தெரிந்தே விட்டவர், பிழையென்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. "கடைசி வசனம்தான் அன்ரி முக்கியம். 'இதால் ஒருவருக்கும் ஒரு நட்டமும் வரவில்லை. லோஜினி வந்து முழு வேலையும் செய்தவர்.' இதை நீங்கள் உங்கடை வாயாலை சொல்ல வேணும்."

"அவள்தான் செத்துப் போனாளே பிள்ளை."

"அது மெடிக்கல் விஷயம் அன்ரி. கார்டாலை இல்லையே. நேரத்துக்குக் கண்டிருந்தாலும் தப்பியிருப்பாவோ எண்டு சொல்லேலாது எண்டுதானே டொக்டரே சொன்னவர்."

சொல்லேலாது என்றுதான் சொன்னார். ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த 'சொல்லேலாது'க்குள்தான் நான் நாலு மாதமாகக் குடியிருக்கிறேன்.

"அண்டைக்குக் குகதாசன் அங்கிள் ஃபோன் எடுத்த நேரம் நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"லைனிலை."

"சூப்பர்வைசர் உங்களட்டை ஏதும் கேட்டவரோ?"

"எனக்குத் தண்ணி விடாய்க்குது பிள்ளை" என்றேன். ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிய அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் அவசரக்காரி.

வைகாசி 21, வியாழன்

கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். "ஒருவருக்கும்" வரைக்கும் வருகிறது.

வைகாசி 26, செவ்வாய்

கொம்பனி கொடுத்த பேப்பர்க் கட்டு வந்திருக்கிறது. அதில் நேசராசாவின் வாக்குமூலமும் இருந்தது. ஆரணி தமிழில் சொன்னாள்: "நான் கார்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னேன். வேறு ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. கவனக்குறைவு என்னுடையது."

ஆரணிக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியளே அன்ரி, அவரே ஒத்துக்கொண்டிட்டார்! பழி முழுக்க அங்கைதான். எங்கடை கேஸுக்கு இதுதான் பலம்."

எனக்கு அந்த மனுஷனில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார் கேட்டது இவரை? ஆரைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர்? வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் அடித்துக் கழுவினேன். மேல்வீட்டுக்காரி வந்து, "என்னக்கா, ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டாள். ஒன்றும் விழவில்லை என்றேன்.

வைகாசி 29, வெள்ளி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

ஃபக்டரிக்குப் பின்பக்கம் இப்போது ஒரே மஞ்சள் பூ. பனிகாலத்தில் பனியை மலை மாதிரிக் குவித்திருந்த இடத்தில் புல் முழங்கால் மட்டும் நிற்கிறது. வேலியில் இருக்கிற ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை. நாங்கள் தேத்தண்ணி குடிக்க வந்து நிற்கிற பின்கதவிலிருந்து அவள் விழுந்து கிடந்த இடத்துக்கு நடந்து பார்த்தேன். நாற்பத்தாறு அடி. திரும்பவும் நடந்தேன். நாற்பத்தைந்து.

அன்றைக்கும் ஒன்பதேகால் இடைவேளைக்கு அந்தக் கதவடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். கதவைத் திறக்கவில்லை. குளிர் உள்ளே வருமென்று நான்தான் திறக்க விடவில்லை.

பூவுக்குள் யாரோ குந்தியிருப்பது போல் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் காற்றில் பறந்து வந்த கறுப்புப் பை. அதைப் பொறுக்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை.

ஆனி 2, செவ்வாய்

தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற நேசராசாவைக் கண்டேன். அவருக்கும் வேலை போய்விட்டது. இப்போது ஒரு வாகனத் தரிப்பிடத்தில் காவல் நிற்கிறாராம். ஆள் பாதியாகிவிட்டார். விட்டுவிட்டுப் போகலாமென்றால் கால் போகவில்லை.

"ஏன் நேசராசா அப்பிடி எழுதிக் குடுத்தனீங்கள்?"

"எப்பிடி அக்கா?"

"ஒருத்தரட்டையும் கேக்கேல்லை எண்டு."

முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தார். "கேட்டனான் எண்டு எழுதினால் அவள் திரும்பி வந்திருப்பாளோ? ரெண்டு பேற்றை பேர் நாறுறதுக்கு ஒரு ஆளின்ரை பேர் நாறினால் காணும். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஆருக்கு நான் முகம் காட்ட வேணும்?"

"குகதாசன் கோயிலிலை வைச்சு உங்களுக்கு மேலை..."

"துப்பினவர். நான் துடைச்சிட்டன். விடுங்கோ அக்கா, இந்த முருங்கைக்காய் முத்தலோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

முத்தல்தான். வேறு பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆனி 5, வெள்ளி

குகதாசன் விசாரணையில் எனக்காகச் சாட்சி சொல்ல வருகிறாராம். ஆரணியே அவரோடு பேசி ஒழுங்கு செய்துவிட்டாள். செத்தவளின் புருஷனே என்னில் குறையில்லை என்று சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறாள். வேண்டாம் பிள்ளை, அவரைக் கஷ்டப்படுத்தாதை என்றேன். "அவருக்கு விருப்பம் அன்ரி. 'அக்காவுக்கு நான் இதையாவது செய்ய வேணும்' எண்டு அழுதவர்."

ஐயோ கடவுளே.

ஆனி 8, திங்கள்

சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கப் போய், தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். விரல் சுட்ட பிறகுதான் தெரிந்தது.

ஆனி 9, செவ்வாய்

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஆரணியின் அறையில் ஃபோனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். விசாரிக்கிறவர் ஒரு பெண், மெதுவான குரல். மொழிபெயர்க்கிறவர் இந்தியத் தமிழர். கொம்பனிப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, பேப்பர் மட்டும்தான். குகதாசன் தன் வீட்டிலிருந்து பேசினார்.

முதலில் அவர்தான். என் மனைவிக்கு உடன்பிறந்த அக்கா மாதிரி, கிழமைக்குக் கிழமை சமைத்துக்கொண்டு வருவார், பிழை முழுக்க அந்தச் சூப்பர்வைசருடையது என்றார். விசாரிக்கிற அம்மா நன்றி சொல்லி, நீங்கள் போகலாம் என்றார். "இல்லை, நான் லைனிலை நிக்கிறன். அக்கா தனிய நிக்கக் கூடாது" என்றார் குகதாசன்.

பிறகு என்னைக் கேட்டார்கள். கார்ட் அடித்தது உண்மையா, எவ்வளவு காலம், மற்றவர்களும் செய்தார்களா, எல்லாவற்றுக்கும் படித்தபடியே சொன்னேன். தடுமாறவில்லை. ஆரணி பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"அம்மா, மேடம் கேக்கறாங்க. நீங்க கார்டு அடிச்சதால யாருக்காவது நஷ்டம் ஆச்சா?"

ஆரணி பேப்பரில் அந்த வசனத்துக்குக் கீழே விரலை வைத்தாள். அவள் எனக்காக அதை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருந்தாள். ஃபோனுக்குள் யாரோ மூச்சு விடுவது கேட்டது. குகதாசனாகத்தான் இருக்க வேண்டும்.

"ஓம், ஆனது" என்றேன்.

ஆரணி என் கையைப் பிடித்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

"அண்டைக்கு எட்டு பத்துக்கு நேசராசா என்னட்டை வந்தவர். லோஜினியின்ரை புருஷன் ஃபோனிலை நிக்கிறார், அவ வந்தவவோ எண்டு கேட்டவர். வரேல்லை எண்டு சொன்னால் கார்ட் அடிச்சது பிடிபடும். அவளுக்கு வேலை போகும், எனக்கும் போகும். பஸ் பிந்தியிருக்கும், இப்ப வந்திடுவாள் எண்டு நினைச்சன். உள்ளை நிக்கிறா, பாத்றூமுக்குப் போட்டா எண்டு சொன்னனான். நேசராசா நான் சொன்னதைத்தான் ஃபோனிலை சொன்னவர். அவர் விசாரிச்சவர். என்னட்டை விசாரிச்சவர். பொய் சொன்னது நான்."

மொழிபெயர்க்கிறவர் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நான் தமிழில் ஒரு தரம் சொன்னதை அவர் ஆங்கிலத்தில் சொல்லும்போது இரண்டாம் தரமும் கேட்க வேண்டியிருந்தது. லோஜினி என்ற பெயர் மட்டும் விளங்கியது.

கார்ட் அடித்தது பற்றித்தான் தான் முடிவெடுக்க வேண்டும், இது அதற்குத் தேவையில்லை என்று விசாரிக்கிற அம்மா சொன்னார். "எனக்குத் தேவை" என்றேன்.

குகதாசன் ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள். ஃபோனில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஒருவர் விலகிவிட்டார் என்று மெஷின் சொன்னது.

ஆரணி வாசல் வரைக்கும் வந்தாள். "ஏன் அன்ரி எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. "நீ நல்ல பிள்ளை. உனக்குச் சொல்லியிருந்தால் நான் அங்கை சொல்லியிருக்க மாட்டன்" என்றேன்.

ஆனி 10, புதன்

நேசராசா ஃபோனில் ஏசினார். "உங்களுக்கு விசரே அக்கா? நான் சுமந்துகொண்டுதானே திரிஞ்சன், ஏன் இறக்கினனீங்கள்?" கடைசியில் அழுதுவிட்டார். நான் அழவில்லை. இரண்டு பேரும் அழுதால் யார் ஃபோனை வைப்பது?

ஆனி 13, சனி

ஆறு மணிக்கே மீனைக் கழுவி வைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். ஏனமெல்லாம் குகதாசன் வீட்டில் கிடக்கிறது. மீனை ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன்.

ஆனி 22, திங்கள்

கடிதம் வந்தது. இல்லையாம். இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்கிறாள் ஆரணி. காணும் பிள்ளை என்றேன். மகன் டிக்கெட் போட்டுவிட்டான். மருமகள் ஃபோனில், "மாமி, உங்களுக்கு யன்னல் இருக்கிற அறை" என்றாள். நான்தான் அவளைக் கூடாமல் எழுதிவிட்டேன்.

ஆனி 27, சனி

நாளைக்குப் பயணம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பத்தரைக்குக் கதவைத் தட்டும் சத்தம்.

குகதாசன் நின்றார். கையில் என் ஏனங்கள், கழுவி ஒரு பையில் போட்டு. சவரம் செய்யாத முகம். உள்ளே வாங்கோ என்றேன். வரவில்லை. படியிலேயே நின்றார்.

"பிள்ளை காரிலை நிக்குது" என்றார். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். "அண்டைக்கு அவள் உள்ளை நிக்கிறாள் எண்டு கேட்டாப் பிறகு நான் படுத்திட்டன் அக்கா. ஃபோனை நிப்பாட்டிப்போட்டு நித்திரை கொண்டனான். அவள் அங்கை கிடக்க நான் போர்த்துக்கொண்டு கிடந்திருக்கிறன். அஞ்சு மாசமா அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஏன் படுத்தனான், ஏன் ஒருக்கா எழும்பிப் போய்ப் பாக்கேல்லை எண்டு."

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொல்லத்தான் இரண்டு கிழமையாக நினைத்திருந்தேன். அந்த முகத்துக்கு முன்னால் அது வரவில்லை.

"நேசராசாவின்ரை வீட்டை போனனான்" என்றார். "வாசலிலை நிண்டு அழுதிட்டு வந்தனான்."

பையை என் கையில் தந்தார். கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இனி நினைக்கேக்கை உங்களையும் சேர்த்துத்தான் நினைப்பன் அக்கா. அதை நேரை சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"நினையுங்கோ தம்பி" என்றேன்.

படியேறிப் போனார். கார்க் கதவு சாத்துவது கேட்டது. யன்னலால் பார்த்தால் பேஸ்மென்டில் கார்ச் சில்லு மட்டும்தான் தெரியும். சில்லு கன நேரம் அசையாமல் நின்று, பிறகு உருண்டு போனது.

ஏனங்களைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினேன். ஐந்து ஏனம், நாலு மூடி. கீரை கொண்டுபோகிற ஏனத்தின் மூடியைக் காணவில்லை. அவரிடம் ஃபோன் எடுத்துக் கேட்கவில்லை.